ஃபர்னஸ் நின்றுவிட்டது, 1,850 டாலர் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

மதுரைக்காரன் · வெள்ளி, இரவு 10:52

ரொறன்ரோ ஸ்கார்பரோவில் வீடு வாங்கி மூன்று வருடம் ஆகிறது. 1960களில் கட்டிய, மாடி இல்லாத பழைய வீடு, கீழே பேஸ்மெண்ட். அதற்கு முன் காண்டோவில் இருந்தவன், வீட்டைச் சூடாக்குகிற இந்த கேஸ் ஃபர்னஸைப் பற்றி ஒன்றும் தெரியாது. சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டில் டிகிரியை ஏற்றினால் சூடு வரும், அவ்வளவுதான் என் ஞானம்.

நேற்று ராத்திரி பேஸ்மெண்டிலிருந்து ஒரு சத்தம். கிரைண்டரில் கல் சிக்கினால் வருமே, அதே மாதிரி. இன்று மதியம் சத்தம் நின்றது, சூடும் நின்றது. வெளியே மைனஸ் 17, வீட்டுக்குள் 15 டிகிரி. ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். மூன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு "இந்த ஊருக்கா உன்னைப் படிக்க வெச்சு அனுப்பினேன்" என்கிறார்.

கூகுளில் முதலில் வந்த நம்பரைக் கூப்பிட்டேன். இரண்டு மணி நேரத்தில் ஆள் வந்துவிட்டார், அதில் குறை இல்லை. பார்ப்பதற்கு 149 டாலர். இருபது நிமிடம் திறந்து பார்த்துவிட்டு, புகையை வெளியே தள்ளும் இண்டியூசர் மோட்டாரும் ஃபர்னஸை நடத்தும் கண்ட்ரோல் போர்டும் போய்விட்டன, 1,850 டாலர், அதற்கு மேல் எச்எஸ்டி வரி என்றார். ஃபர்னஸ் 2011-இல் போட்டது, திறன் 95 சதவீதம் என்று லேபிளில் இருக்கிறது. "இவ்வளவு பழசுக்குச் செலவு செய்யாதீர்கள். இன்று கையெழுத்துப் போட்டால் நாளை புதியது வரும், கையிலிருந்து ஒரு காசு வேண்டாம், மாதம் 139 டாலர்தான்" என்று ஒரு டேப்லெட்டை நீட்டினார். காலையில் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். சரியா செய்தேன்?

குழாயடி · வெள்ளி, இரவு 11:15

சரியாகத்தான் செய்தீர்கள் தம்பி. குளிரில் நடுங்கிக்கொண்டு எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது.

நான் ஜி2 லைசென்ஸ் உள்ள கேஸ் டெக்னீஷியன், இந்த வேலையில் 19 வருடம். காசு விஷயத்தைப் பிறகு கதைப்போம். முதலில் இந்த இரவைக் கடத்துங்கள். மின்சார ஹீட்டர் இருந்தால் நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள், நீட்டிப்பு வயரில் போடாதீர்கள், திரைச்சீலையிலிருந்து தள்ளி வையுங்கள். கேஸ் அடுப்பையோ ஓவனையோ திறந்துவைத்து வீட்டைச் சூடாக்க வேண்டாம். பார்பிக்யூவை உள்ளே கொண்டுவந்த ஆட்களையும் நான் பார்த்திருக்கிறேன். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. படுக்கும் அறைகளுக்குப் பக்கத்தில் அலாரம் வேலை செய்கிறதா என்று பொத்தானை அழுத்திப் பாருங்கள். 2014 அக்டோபரிலிருந்து ஒன்ராறியோவில் அது சட்டப்படி கட்டாயம்.

பிறகு மூன்று விஷயம் பார்த்து எழுதுங்கள். ஃபர்னஸின் கீழ்க் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி ஓட்டை இருக்கும், அதன் வழியாகப் போர்டில் ஒரு விளக்கு மின்னுவது தெரியும். எத்தனை முறை மின்னுகிறது? வீட்டுக்கு வெளியே இரண்டு வெள்ளை பிவிசி குழாய் வரும், அவற்றைப் பனி மூடியிருக்கிறதா? ஃபில்டர் எப்படி இருக்கிறது?

வின்னிபெக்_வாசி · வெள்ளி, இரவு 11:31

மைனஸ் 17-க்கே இந்த அமர்க்களமா? சும்மா சொன்னேன், கோபிக்க வேண்டாம்.

குழாய்கள் ஜாக்கிரதை. வெளிச்சுவர் பக்கம் இருக்கும் சிங்குக்குக் கீழே அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். அந்தக் குழாய்களில் நூல் மாதிரித் தண்ணீர் ஓட விடுங்கள். ஃபர்னஸ் ரிப்பேர் ஆயிரம் டாலரோடு போகும். குழாய் உறைந்து வெடித்தால் தரை, சுவர் எல்லாம் சேர்ந்து போகும்.

மதுரைக்காரன் · சனி, அதிகாலை 12:20

குழாயைத் திறந்துவிட்டேன். பொத்தானை அழுத்தினால் அலாரம் கத்துகிறது, அம்மா எழுந்துவிட்டார்.

விளக்கு மூன்று முறை மின்னுகிறது, கொஞ்சம் நிறுத்தி மறுபடி மூன்று. கதவின் உட்பக்கத்தில் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கிறது, மூன்றுக்கு நேரே பிரஷர் ஸ்விட்ச் திறந்திருக்கிறது என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் ஸ்விட்ச் கெட்டுவிட்டதா? அதை அந்த ஆள் சொல்லவே இல்லையே. வெளிக் குழாய்களில் பனி இல்லை. ஃபில்டரைப் பற்றிக் கேட்காதீர்கள்.

குழாயடி · சனி, அதிகாலை 12:58

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இது விளங்கினால் பில்லில் பாதி விளங்கிவிடும்.

தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் உடனே நெருப்பு வராது. முதலில் இண்டியூசர் என்ற சின்ன விசிறி சுற்றி, உள்ளே மிச்சமிருக்கும் புகையை வெளியே தள்ளும். அது ஒழுங்காக இழுக்கிறதா என்று பிரஷர் ஸ்விட்ச் சாட்சி சொல்லும். ஒரு மெல்லிய ரப்பர்க் குழாய் வழியே உறிஞ்சலை உணர்ந்து அது மூடிக்கொள்ளும். அதன் பிறகுதான் இக்னைட்டர் செந்தணலாகும், கேஸ் வால்வு திறக்கும், நெருப்பு பிடிக்கும். நெருப்பு இருக்கிறது என்று ஃபிளேம் சென்சார் உறுதி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சில விநாடிகளில் கேஸ் நிற்கும். எல்லாம் சரியென்றால் அரை நிமிடம், ஒரு நிமிடம் கழித்து, சூடான காற்றை வீட்டுக்குள் தள்ளுகிற பெரிய புளோவர் சுற்றும். ஒரு கண்ணி அறுந்தால் அடுத்தது நடக்காது.

ஆகவே மூன்று மின்னல் என்றால் சாட்சி "சரி" என்று சொல்லவில்லை என்பதுதான் பொருள். சாட்சியே பொய் சொல்லலாம், ஆனால் அது அபூர்வம். பெரும்பாலும் இண்டியூசர் இழுக்கவில்லை, அல்லது வெளிக் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது தண்ணீர் வடியும் டிராப்பில் அழுக்கு தேங்கி ரப்பர்க் குழாய்க்குள் தண்ணீர் ஏறிவிட்டது. 90 சதவீதத்துக்கு மேல் திறனுள்ள ஃபர்னஸில் புகை குளிர்ந்து தண்ணீராகும், அது வடிந்தாக வேண்டும். டிராப்பைக் கழுவிவிட்டு 180 டாலர் வாங்கிக்கொண்டு வந்த வேலைகள் எனக்கு எத்தனையோ.

உங்கள் வீட்டில் கிரைண்டர் சத்தம் கேட்டது என்கிறீர்கள். அது பேரிங் போகிற சத்தம். ஆகவே இண்டியூசர் போயிருக்கும் என்று அவர் சொன்னது நம்பக்கூடியதுதான். என் கேள்வி போர்டைப் பற்றியது. போர்டு பழுதை எண்ணி மூன்று முறை மின்னிக் காட்டுகிறது, அதாவது அதற்கு இன்னும் புத்தி இருக்கிறது. இண்டியூசருக்குப் போகும் வயரில் மீட்டர் வைத்தால் இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். 120 வோல்ட் வந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால் குற்றவாளி மோட்டார். வோல்ட்டே வரவில்லை என்றால் போர்டைச் சந்தேகிக்கலாம். அவர் மீட்டரை வெளியே எடுத்தாரா?

மதுரைக்காரன் · சனி, காலை 7:10

மீட்டரைப் பார்த்த ஞாபகமே இல்லை. திறந்தார், டார்ச் அடித்தார், எழுதினார்.

12 டிகிரி. தூங்கவில்லை. பொதுவாக எதற்கு எவ்வளவு ஆகும் என்று ஒரு மதிப்பாவது சொல்லுங்கள் அண்ணா, இரண்டாவது ஆளைக் கூப்பிடப் போகிறேன்.

குழாயடி · சனி, காலை 7:42

ரொறன்ரோவைச் சுற்றி நான் எழுதுகிற, பார்க்கிற பில்களை வைத்துச் சொல்கிறேன். பொருள், கூலி சேர்த்து, வரி இல்லாமல். வேறு மாகாணம் என்றால் வேறு கணக்கு.

வீட்டுக்கு வந்து பார்ப்பதற்கு வார நாளில் 100 முதல் 170, இரவிலும் விடுமுறையிலும் 200-ஐத் தாண்டும். ஃபிளேம் சென்சாரைத் துடைத்துக் கொடுத்தால் அந்தக் கட்டணத்தோடு கொஞ்சம் மேலே, மொத்தம் 200-க்குள் முடிய வேண்டும். இக்னைட்டரும் பிரஷர் ஸ்விட்சும் 250 முதல் 400. இண்டியூசர் 600 முதல் 1,000. போர்டு 500 முதல் 900. புளோவர் மோட்டார் பழைய வகை என்றால் 450 முதல் 700. இப்போது வருகிற ஈசிஎம் வகைக்குள் சின்னக் கம்ப்யூட்டரே இருக்கிறது, அது 900-க்குக் குறையாது, 1,500 வரை போகும். கேஸ் வால்வு 600 முதல் 1,000. நெருப்பின் சூட்டைக் காற்றுக்கு மாற்றுகிற ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாரண்டியில் இலவசமாகக் கிடைத்தாலும் கூலி மட்டும் ஆயிரத்துக்கு மேல். முழு ஃபர்னஸையும் பிரித்துப் போட்டுச் சேர்க்கிற வேலை அது.

பாருங்கள், இண்டியூசரும் போர்டும் உண்மையிலேயே இரண்டும் போயிருந்தால் 1,850 கொஞ்சம் கூடுதல், ஆனால் பகல்கொள்ளை இல்லை. விலையில் எனக்குப் பெரிய சண்டை கிடையாது. காரணம் காட்டாமல் விலை சொன்னதுதான் பிழை. அடுத்தவர் வந்தால் முதல் ஆள் சொன்னதைச் சொல்லாதீர்கள். சொன்னால் அவரும் அந்தப் பாதையிலேயே போவார். சத்தம் கேட்டது, நின்றது, மூன்று மின்னல், இவ்வளவுதான். கம்பனி, ஒன்ராறியோவில் கேஸ் வேலைகளைக் கண்காணிக்கும் டிஎஸ்எஸ்ஏ-இல் பதிந்திருக்கிறதா என்று அதன் வலைத்தளத்தில் தேடலாம், இலவசம்.

கையாலே_செய் · சனி, காலை 8:30

போன டிசம்பரில் என் ஃபர்னஸ் பற்றும், அணையும், பற்றும், அணையும். யூடியூப் பார்த்தேன். ஒரு ஸ்க்ரூ, ஃபிளேம் சென்சார் கையோடு வந்தது. கம்பியில் வெள்ளையாகப் படிந்திருந்ததை ஸ்டீல் வுல்லால் தேய்த்து மாட்டினேன். பத்து நிமிடம். புதிய சென்சாரே 20 டாலர். இதற்கு 200 வாங்குகிற உங்களை என்னவென்று சொல்வது, குழாயடி அண்ணா?

குழாயடி · சனி, காலை 9:05

மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுச் செய்தீர்கள் என்று நம்புகிறேன். அந்தக் கம்பி வழியே நெருப்பினூடாகப் போகிற மின்சாரம் மைக்ரோ ஆம்பியர் கணக்கு, ஒரு மெல்லிய படிவே அதைத் தடுத்துவிடும். ஆகவே நீங்கள் சொன்ன வைத்தியம் சரி.

நான் 200 வாங்குவது தேய்ப்பதற்கு அல்ல. அது சென்சார்தான், கேஸ் அழுத்தம் குறைந்ததால் வந்த கோளாறு இல்லை என்று தெரிந்துகொள்வதற்கு. வேன், இன்சூரன்ஸ், லைசென்ஸ், பனியில் ஒரு மணி நேர ஓட்டம் எல்லாம் அதற்குள் வரும். போன மாதம் ஒருவர் இக்னைட்டரைத் தானே மாற்றினார். பழைய சிலிக்கன் கார்பைடு வகை. வெறுங்கையால் பிடித்துவிட்டார். விரலில் இருக்கும் எண்ணெய் பட்ட இடம் கூடுதலாகச் சூடேறி மூன்று நாளில் விரிசல். இரண்டாவது இக்னைட்டர், என் கட்டணம், அதற்கு மேல் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

ஃபில்டர், வெளிக் குழாய்ப் பனி, தெர்மோஸ்டாட் பாட்டரி, பிரேக்கர் இவையெல்லாம் உங்கள் வேலை. தாராளமாகச் செய்யுங்கள். கேஸ் போகிற எதிலும் கை வைக்காதீர்கள். இந்த மாகாணத்தில் அதற்கு லைசென்ஸ் வேண்டும்.

ஏஜாக்ஸ்_அக்கா · சனி, காலை 9:48

தம்பி மதுரைக்காரன், அந்த 139 டாலர் டேப்லெட்டை இனிக் கண்ணாலும் பார்க்காதீர்கள். நான் பட்டதைச் சொல்கிறேன்.

2016-இல் ஒருவர் கதவைத் தட்டினார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கோப்பு, ஏதோ அரசாங்க ஆள் மாதிரி. உங்கள் ஃபர்னஸ் திறன் குறைந்தது, மாற்றியாக வேண்டும், மாதம் 89.99 தான் என்றார். என் கணவர் வேலைக்குப் போயிருந்தார், நான் கையெழுத்து வைத்தேன். அந்த மாதக் கட்டணம் வருடா வருடம் 3.5 சதவீதம் ஏறும் என்பது பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருந்தது. 2021-இல் வீட்டை விற்கப் போனபோது கட்டணம் 106-ஐத் தாண்டியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. வீட்டின் பத்திரப் பதிவிலேயே ஒரு நோட்டீஸ் ஏற்றிவைத்திருக்கிறார்கள், லாயர்கள் அதை நோசி என்கிறார்கள். அதை எடுக்காமல் விற்பனை முடியாது. எடுக்க 9,800 டாலர் கேட்டார்கள். ஐந்து வருடம் கட்டிய பிறகு! லாயர் கதைத்துக் கொஞ்சம் குறைத்தார், ஆனாலும் கொடுத்தோம். வீடு வாங்குகிறவர் காத்திருக்கிறார், வேறு என்ன செய்வது.

இப்போது சட்டம் மாறிவிட்டது. 2018 மார்ச் 1-இலிருந்து ஃபர்னஸ், தண்ணீர் ஹீட்டர் போன்றவற்றை வீடு வீடாகக் கதவு தட்டி விற்கத் தடை. 2024 ஜூனில் வந்த சட்டம் இப்படிப்பட்ட வீட்டுச் சாமான்களுக்கான நோசி நோட்டீஸ்களையே தடைசெய்துவிட்டது, ஏற்கெனவே ஏற்றியிருந்தவையும் காலாவதி. வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் என்றால் அதன் பிரதி கையில் கிடைத்ததிலிருந்து பத்து நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்துசெய்யலாம். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. ஆனால் கவனியுங்கள், நோட்டீஸ்தான் போனது, ஒப்பந்தம் போகவில்லை. வாடகை வாடகைதான்.

அந்த கம்பனி பெயர்

நடத்துனர் · சனி, காலை 10:02

அக்கா, கடைசி வரியில் பெயரை எடுத்துவிட்டேன். இங்கே கம்பனி பெயர் போட்டுத் திட்ட வேண்டாம், விதி எல்லாருக்கும் ஒன்றுதான். மற்றபடி பதிவு அப்படியே இருக்கிறது.

கணக்குப்பிள்ளை · சனி, காலை 10:40

கணக்குப் போடாமல் என்னால் தூங்க முடியாது. மாதம் 139, பத்து வருடம்: 16,680. எச்எஸ்டி 13 சதவீதம் சேர்த்தால் 18,848 டாலர் 40 காசு. இது விலையே ஏறாது என்ற நல்லெண்ணத்தில். நான் போன வருடம் புது ஃபர்னஸ் ஒன்றை வரி உட்பட 5,500-க்குப் போட்டேன். கிரெடிட் கார்டில் கடன் வாங்கிப் போட்டால்கூட இவ்வளவு ஆகாது.

இன்னொன்று. "வயதை ரிப்பேர்ச் செலவால் பெருக்கு, 5,000-ஐத் தாண்டினால் புதியது வாங்கு" என்று ஒரு சூத்திரம் சுற்றுகிறது. மதுரைக்காரன் ஃபர்னஸுக்கு 14 வயது என்று வையுங்கள். 14-ஐ 1,850-ஆல் பெருக்கினால் 25,900. போர்டு வேண்டாம், வெறும் இண்டியூசர் 750 என்றாலும் 10,500. சரி, ஒரு இக்னைட்டர் 400? 5,600! இக்னைட்டர் போனதற்கு ஃபர்னஸையே தூக்கிப் போடச் சொல்கிறது. பல்ப் போனால் வீட்டை விற்கிற மாதிரி. இந்தச் சூத்திரத்தை யார் கண்டுபிடித்தாரோ, அவர் நிச்சயம் ஃபர்னஸ் விற்கிறவர்.

நான் குளிர்கால எண்ணிக்கையில் பார்ப்பேன். 750 கொடுத்து இன்னும் நாலு குளிர்காலம் ஓடினால் ஒரு குளிருக்கு 188 டாலர் போல. புதியது 5,500, பதினாறு வருடம் ஓடும் என்றால் வருடத்துக்கு 344. ஆகவே ரிப்பேர். இரண்டு குளிரில் நின்றுவிடும் என்று தோன்றினால் 375, அப்போது புதியது. எல்லாம் மிச்ச ஆயுளை எவ்வளவு நேர்மையாக மதிப்பிடுகிறோம் என்பதில் இருக்கிறது.

குழாயடி · சனி, காலை 11:20

கணக்கு சரி, ஆனால் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் விட்டிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே பேசுவது பாதுகாப்பு.

அப்புறம், பழைய வீட்டுக்காரர்களுக்கு ஒரு விஷயம். உங்கள் ஃபர்னஸ் 80 சதவீதத் திறனில், செங்கல் சிமினி வழியே புகை விடுகிற பழைய வகை என்றால், புதியதின் விலை ஃபர்னஸோடு முடியாது. கனடாவில் 2019 ஜூலையிலிருந்து வீட்டு கேஸ் ஃபர்னஸ் குறைந்தது 95 சதவீதத் திறன் கொண்டிருக்க வேண்டும். அதற்குச் சிமினி ஆகாது, சுவரைத் துளைத்து பிவிசி குழாய் போட வேண்டும், தண்ணீர் வடிய வழி செய்ய வேண்டும். இதுவரை ஃபர்னஸோடு சேர்ந்து அதே சிமினியில் புகை விட்டுக்கொண்டிருந்த தண்ணீர் ஹீட்டர் இப்போது தனியாளாகிவிடும். பெரிய சிமினியில் அதன் கொஞ்சப் புகை மேலே ஏறாமல் குளிர்ந்து ஈரமாகும், செங்கல் கெடும், சில நேரம் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும். ஆகவே சிமினிக்குள் லைனர் என்ற ஒடுக்கமான உள்குழாயை இறக்க வேண்டும். குறைந்த கொட்டேஷன்களில் பலமுறை விடுபட்டிருப்பது இந்த லைனர்தான். கேட்டு வாங்குங்கள்.

மிசிசாகா_மல்லி · சனி, மதியம் 12:35

ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்றதும் எழுதத் தோன்றியது. இரண்டு வருடம் முன் 79 டாலர் சர்வீஸ் ஆஃபருக்கு ஒருவரை வரச்சொன்னேன். பார்த்துவிட்டு, விரிசல் இருக்கிறது என்று சிவப்பு டேக் ஒட்டி கேஸை மூடிவிட்டார். புது ஃபர்னஸ் 6,200 என்றார். 79 டாலருக்கு வந்தவர் ஏன் வந்தார் என்று அப்போதுதான் புரிந்தது என்று நினைத்துக்கொண்டு பயங்கர கோபம்.

இரண்டாவது ஆளைக் கூப்பிட்டேன். கேமராவை உள்ளே விட்டு என் கண்ணில் காட்டினார். விரிசல் இருந்தது! முதல் ஆள் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டாமவர் கதவில் இருந்த மாடல், சீரியல் எண்களைப் போனில் அடித்துப் பார்த்து, எக்ஸ்சேஞ்சருக்கு இருபது வருட வாரண்டி, இன்னும் எட்டு வருடம் இருக்கிறது என்றார். பொருள் இலவசம், கூலி 1,300. முதல் ஆள் வாரண்டி என்ற சொல்லையே எடுக்கவில்லை. பொய்யும் சொல்லவில்லை, உண்மையையும் முழுசாகச் சொல்லவில்லை.

குழாயடி · சனி, மதியம் 1:10

டேக் பற்றி ஒரு வார்த்தை. ஏ வகை என்றால் உடனடி ஆபத்து, அப்போதே கேஸை மூட வேண்டும். பி வகை என்றால் உடனடி ஆபத்து இல்லை, சரிசெய்ய 45 நாள் வரை தரலாம். பி வகை டேக்கைக் கையில் வைத்துக்கொண்டு "இன்றே மாற்றாவிட்டால்" என்று யாராவது அவசரப்படுத்தினால் நீங்கள் அவசரப்பட வேண்டாம். ஏ வகை என்றால் அவரோடு சண்டை பிடிக்காதீர்கள், கேஸைத் திருப்பித் திறக்கவும் வேண்டாம். படம் கேளுங்கள், எழுதி வாங்குங்கள், இன்னொரு லைசென்ஸ்காரரைக் கூப்பிடுங்கள்.

வாரண்டியில் இன்னொரு பொறி. பல கம்பனிகளில் வாங்கிய 60 அல்லது 90 நாளுக்குள் இணையத்தில் பதிந்தால்தான் பொருளுக்குப் பத்து வருடம், இல்லையென்றால் ஐந்து. வீடு கைமாறினால் அது குறைந்துபோவதும் உண்டு. மதுரைக்காரன் இரண்டாவது சொந்தக்காரர், 2011 மாடல். அவருக்கு மோட்டாரில் ஒன்றும் கிடைக்காது.

பேஸ்மெண்ட்_பாலா · சனி, மதியம் 1:48

எல்லாரும் வீட்டுக்காரர்களாகவே பேசுகிறீர்கள். கீழே வாடகைக்கு இருக்கும் எங்களையும் நினையுங்கள். ரொறன்ரோவில் குளிர்காலத்தில் வாடகை வீட்டுக்குள் 21 டிகிரிக்குக் குறையக்கூடாது என்பது நகரச் சட்டம். மூன்று கொட்டேஷன் வாங்கிக்கொண்டு ஒரு வாரம் யோசிக்கிற வீட்டுக்காரருக்கு அதுவும் ஒரு செலவு.

மதுரைக்காரன் · சனி, மாலை 5:26

சூடு வந்துவிட்டது. அம்மா ஒரு ஸ்வெட்டரைக் கழற்றியிருக்கிறார்.

இரண்டாவது ஆள் பதினொரு மணிக்கு வந்தார். குழாயடி அண்ணா சொன்னபடி முதல் ஆளைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மீட்டரை வைத்தார், எனக்கும் காட்டினார்: 120 வோல்ட். மோட்டார் அசையவில்லை, தொட்டால் சுடுகிறது. போர்டு சுத்தமாக இருக்கிறது என்றார். டிராப்பைக் கழற்றினால் பழைய சாம்பார் மாதிரி ஒன்று வந்தது, மன்னிக்கவும். மோட்டாரை இங்கே பக்கத்து மொத்தக் கடையில் எடுத்துக்கொண்டு வந்து ஒன்றரை மணி நேரத்தில் மாற்றினார். 740, வரியோடு 836.20. பார்த்த கட்டணத்தை அதிலேயே சேர்த்துக்கொண்டார். பொருளுக்கு ஒரு வருடம், கூலிக்கு 90 நாள் என்று பில்லில் எழுதிக் கொடுத்திருக்கிறார். பழைய மோட்டாரையும் வாங்கி வைத்துக்கொண்டேன், கையால் சுற்றினால் கரகரவென்று அதே கிரைண்டர்.

முதல் ஆளுக்குக் கொடுத்த 149, வரியோடு 168.37, போனது போனதுதான். ஆக மொத்தம் 1,004.57. கணக்குப்பிள்ளை சரிபார்க்கலாம்.

கணக்குப்பிள்ளை · சனி, மாலை 5:50

சரி.

மதுரைக்காரன் · ஒன்பது நாள் கழித்து, திங்கள், இரவு 9:14

மறுபடி நின்றுவிட்டது. ஒன்பதே நாள். இண்டியூசர் சுற்றுகிறது, நெருப்பு பிடிக்கிறது, நாலைந்து விநாடியில் அணைகிறது. மூன்று தடவை முயற்சி செய்துவிட்டு அமைதியாகிவிடுகிறது. வீட்டில் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். முதல் ஆள் போர்டு என்று சொன்னது சரிதானோ? 1,850-ஐ அப்போதே கொடுத்திருக்கலாமோ?

குழாயடி · திங்கள், இரவு 9:40

மின்னல் எத்தனை? முன்பு மூன்று, இப்போது வேறு எண்ணாக இருக்கும். பார்த்தீர்களா, இக்னைட்டர், வால்வு, நெருப்பு எல்லாம் வரிசையாக வருகின்றன. வரிசையை நடத்துவது போர்டுதான். நெருப்பு வந்த பிறகு அணைவது கையாலே_செய் தம்பி சொன்ன அதே கதை, ஃபிளேம் சென்சார். அந்த டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். அன்று செய்த வேலையோடு இதற்குச் சம்பந்தம் இல்லை என்று அவர் கட்டணம் கேட்டால் அது நியாயம்தான். ஆனால் ஒன்பது நாளுக்கு முன் திறந்தபோதே அதைத் துடைத்திருக்கலாம் என்று நீங்கள் சொல்வதும் நியாயம்.

மதுரைக்காரன் · செவ்வாய், காலை 11:05

வந்தார். நான் கேட்கும் முன்னே அவரே "அன்று துடைத்திருக்க வேண்டும், அவசரத்தில் விட்டுவிட்டேன்" என்றார். காசு வாங்கவில்லை, அம்மா போட்ட டீயை வாங்கிக் குடித்தார். போர்டு இன்றும் நன்றாகத்தான் இருக்கிறது.

போகும்போது ஃபில்டரைப் பார்த்துச் சிரித்தார். ஓரத்தில் ஓர் அம்புக்குறி இருக்கிறதாம், காற்று போகிற திசையில், அதாவது ஃபர்னஸைப் பார்த்து இருக்க வேண்டுமாம். மூன்று வருடமாகத் திருப்பிப் போட்டிருக்கிறேன். அதுவும் மெர்வ் 13, ஒரு அங்குலத் தடிமன். மெர்வ் எண் கூடக் கூட ஃபில்டரின் வலை நெருக்கமாகுமாம். இந்தப் பழைய காற்றுக் குழாய்களுக்கு அது மூக்கைப் பொத்துகிற மாதிரி, மெர்வ் 8 போதும், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள் என்றார். நான் நல்லது என்று நினைத்துத்தான் விலை கூடியதை வாங்கினேன்.

கையாலே_செய் · செவ்வாய், மதியம் 12:15

இதைப் படித்துவிட்டுக் கீழே ஓடிப்போய் என்னுடையதைப் பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கும் அம்பு சுவரைத்தான் பார்க்கிறது.